கார்புரேட்டர் டிரக் எஞ்சினில் உயர் ஐடிலிங்: காரணங்களும் கண்டறியும் முறையும்

உயர் ஐடிலிங் என்பது, ஓட்டுநர் ஆக்சிலரேட்டரை மிதிக்காத நிலையிலும் எஞ்சின் தனக்குரிய வேகத்தைவிடக் கூடுதலான வேகத்தில் சுழலும் குறைபாடு ஆகும். வண்டி நின்றுகொண்டிருக்க, எஞ்சின் மட்டும் தன் போக்கில் ஓடும் நிலைக்கு ஐடிலிங் அல்லது வெற்றோட்டம் என்று பெயர். கார்புரேட்டர் பொருத்தப்பட்ட பெட்ரோல் எஞ்சின்களில் இக்குறைபாடு பரவலாகக் காணப்படும். அமெரிக்காவில் 1960கள் முதல் 1980களின் நடுப்பகுதி வரை விற்பனையான பிக்கப் டிரக்குகள் பல இன்றும் ஓடுகின்றன. அவற்றை வைத்திருப்போர் அடிக்கடி எதிர்கொள்ளும் சிக்கல்களுள் இதுவும் ஒன்று.

ஐடிலிங் வேகத்தைக் குறைக்க கார்புரேட்டரில் ஒரு திருகு இருக்கிறது. எனவே வேகம் கூடியதும் பலரும் முதலில் கைவைப்பது அந்தத் திருகில்தான். ஆனால், வேகம் ஏன் கூடியது என்று அறியாமல் திருகைத் திருப்புவது, காய்ச்சலுக்குக் காரணம் பாராமல் வெப்பமானியை உதறிவைப்பதைப் போன்றது. வேகம் குறைந்துவிடும், பழுது உள்ளேயே இருக்கும். சில வேளைகளில் அந்தப் பழுது பிரேக்கைப் பலவீனமாக்கும். சில வேளைகளில் எக்ஸாஸ்ட் வால்வை எரித்துவிடும்.

பின்னணி

அமெரிக்க வழக்கில் டிரக் என்ற சொல், பின்புறம் திறந்த சரக்குத் தொட்டி கொண்ட பிக்கப் வண்டிகளையும் குறிக்கும். செவ்ரோலெட் சி10 வண்டியின் 350 கன அங்குல (5.7 லிட்டர்) வி8 எஞ்சின், ஃபோர்டு எஃப்-150 வண்டியின் 300 கன அங்குல (4.9 லிட்டர்) ஆறு சிலிண்டர் எஞ்சின், டாட்ஜ் டி வரிசை வண்டிகளின் 318 கன அங்குல (5.2 லிட்டர்) வி8 எஞ்சின் ஆகியவை இவ்வகையில் நன்கு அறியப்பட்டவை. இவற்றில் ரோசெஸ்டர், கார்ட்டர், ஹோலி, மோட்டார்கிராஃப்ட் போன்ற பெயர்களைக் கொண்ட கார்புரேட்டர்கள் இருந்தன. செவ்ரோலெட்டின் 5.7 லிட்டர் டிரக் எஞ்சினும் ஃபோர்டின் 4.9 லிட்டர் எஞ்சினும் 1987ஆம் ஆண்டு மாடலில் எரிபொருள் உட்செலுத்து முறைக்கு மாறின.

இந்தியச் சாலைகளில் ஓடும் லாரிகள் பெரும்பாலும் டீசல் எஞ்சின் கொண்டவை. டீசல் எஞ்சினில் கார்புரேட்டர் கிடையாது. ஆனால் பழைய பெட்ரோல் ஜீப்புகளுக்கும் அம்பாசடர், பிரீமியர் பத்மினி போன்ற கார்களுக்கும் இக்கட்டுரையில் கூறப்படும் அடிப்படைகள் அப்படியே பொருந்தும்.

ஐடிலிங் எவ்வாறு நிகழ்கிறது

பெட்ரோல் எஞ்சினின் வேகத்தைக் கட்டுப்படுத்துவது, உள்ளே போகும் காற்றின் அளவு. ஆக்சிலரேட்டர் மிதி நேரடியாகப் பெட்ரோலைத் திறப்பதில்லை. அது கார்புரேட்டரின் அடிப்பகுதியில் உள்ள திராட்டில் தட்டு எனும் வட்டமான கதவைத் திறக்கிறது. கதவு திறக்கும் அளவுக்குக் காற்று உள்ளே போகிறது. அந்தக் காற்று தனக்கேற்ற பெட்ரோலை இழுத்துச் செல்கிறது.

ஐடிலிங்கின்போது இந்தக் கதவு கிட்டத்தட்ட மூடியிருக்கும். பிஸ்டன்கள் காற்றை இழுக்கின்றன, ஆனால் கதவு விடுவதில்லை. எனவே கதவுக்குக் கீழே, இன்டேக் மேனிபோல்டில், பகுதி வெற்றிடம் உண்டாகிறது. நல்ல நிலையில் உள்ள எஞ்சினில், கடல்மட்டத்தில், இந்த வெற்றிடம் சுமார் 17 முதல் 21 அங்குலப் பாதரசம் (ஏறத்தாழ 430 முதல் 530 மி.மீ.) இருக்கும். கடல்மட்டத்திலிருந்து ஒவ்வொரு 300 மீட்டர் உயரத்திற்கும் அளவீடு சுமார் ஓர் அங்குலம் குறையும். ஆகவே மலைப்பகுதியில் 15 அங்குலம் காட்டும் எஞ்சின் பழுதானது என்று முடிவுகட்டிவிடக் கூடாது.

இந்த நிலையில் எஞ்சினுக்குத் தேவையான சிறிதளவு பெட்ரோல், திராட்டில் தட்டுக்குக் கீழே உள்ள ஒரு நுண்துளை வழியாக வருகிறது. அதன் அளவைக் கட்டுப்படுத்துவது கலவைத் திருகு. தட்டு எவ்வளவு திறந்து நிற்க வேண்டும் என்பதை முடிவு செய்வது வேகத் திருகு. இவ்விரண்டும் வெவ்வேறானவை. இவற்றைக் குழப்பிக்கொள்வதால் பல வண்டிகள் தேவையின்றிக் கெடுகின்றன.

எஞ்சின் சூடான பின், இத்தகைய டிரக்குகளின் ஐடிலிங் வேகம் பொதுவாக 600 முதல் 800 ஆர்பிஎம் அளவில் அமையும். சரியான எண், வண்டியின் பானெட்டுக்கு அடியில் ஒட்டப்பட்டிருக்கும் மாசுக்கட்டுப்பாட்டு வில்லையில் அச்சிடப்பட்டிருக்கும். தானியங்கி கியர் கொண்ட வண்டிகளுக்குப் பல வேளைகளில் டிரைவ் நிலையில் இருக்க வேண்டிய வேகமே அதில் தரப்பட்டிருக்கும்.

சிறிய துளை, பெரிய விளைவு

ஐடிலிங்கில் எஞ்சின் எவ்வளவு காற்றை உட்கொள்கிறது என்பதை எளிய கணக்கால் அறியலாம். 5.7 லிட்டர் எஞ்சின் இரண்டு சுற்றுக்கு ஒருமுறை தன் முழுக் கொள்ளளவையும் நிரப்புகிறது. 700 ஆர்பிஎம்மில் அது நிமிடத்திற்கு 350 முறை, அதாவது சுமார் 2,000 லிட்டர். ஆனால் மேனிபோல்டில் 18 அங்குல வெற்றிடம் இருப்பதால், அங்குள்ள அழுத்தம் வளிமண்டல அழுத்தத்தில் ஐந்தில் இரண்டு பங்கே. எனவே வெளிக்காற்றாகக் கணக்கிட்டால் அதிகபட்சம் 800 லிட்டர்.

இப்போது, 6 மி.மீ. உள்விட்டமுள்ள ஒரு ரப்பர் ஹோஸ் கழன்று கிடக்கிறது எனக் கொள்ளலாம். அவ்வளவு வெற்றிடத்தில் அத்துளை வழியே நிமிடத்திற்குத் தோராயமாக 250 லிட்டர் காற்று உள்ளே பாயும். பென்சில் நுழையக்கூடிய ஒரு துளை, எஞ்சினின் ஐடிலிங் காற்றில் மூன்றில் ஒரு பங்கைத் தந்துவிடுகிறது. கார்புரேட்டரை எவ்வளவு நுட்பமாகச் சரிசெய்தாலும் பலன் இல்லாமல் போவதற்கு இதுவே காரணம்.

காற்று வரும் வழிகள்

உயர் ஐடிலிங்கின் காரணங்களை மூன்று வகையாகப் பிரிக்கலாம்.

முதலாவது, திராட்டில் தட்டு தேவைக்கு மேல் திறந்திருத்தல். காற்று வாசல் வழியாகவே வருகிறது. ஆனால் வாசல் முழுதாகச் சாத்தப்படவில்லை.

இரண்டாவது, தட்டைத் தாண்டிய கசிவு. வாசல் சரியாகச் சாத்தியிருக்கிறது. காற்று சுவரின் விரிசல் வழியாக நுழைகிறது. இதை வெற்றிடக் கசிவு என்பர்.

மூன்றாவது, தீப்பொறி அளவுக்கு மீறி முன்கூட்டியே விழுதல். காற்றின் அளவு மாறாவிட்டாலும், எரிதல் முன்னதாகத் தொடங்குவதால் அதே கலவையிலிருந்து கூடுதல் விசை கிடைத்து வேகம் ஏறுகிறது.

காற்று கூடாமல் பெட்ரோல் மட்டும் கூடினால் பொதுவாக வேகம் ஏறாது. மாறாக, கறுப்புப் புகையும் திணறலும் உண்டாகும். மிதவையோ ஊசி வால்வோ பழுதாகிப் பெட்ரோல் வழிவது வேறு நோய். அதை இதனுடன் சேர்த்துப் பார்க்கக் கூடாது.

அறிகுறிகளைப் பிரித்தறிதல்

கருவியை எடுக்கும் முன், வேகம் எப்போது கூடுகிறது என்பதைக் கவனித்தால் பாதி வேலை முடிந்துவிடும்.

• குளிர்ந்த எஞ்சினில் வேகமாக ஓடி, சில நிமிடங்களில் ஆக்சிலரேட்டரை ஒருமுறை தட்டியதும் இறங்கினால், அது பழுதன்று. சோக் அமைப்பு தன் வேலையைச் செய்கிறது.

• எஞ்சின் நன்கு சூடான பின்னும் வேகம் இறங்காமல், ஆனால் சீராக ஓடினால், தட்டு திறந்திருக்கிறது என முதலில் ஐயுற வேண்டும்.

• வேகம் கூடியும், ஏறி இறங்கித் தடுமாறியும் ஓடினால், வெற்றிடக் கசிவுக்கு வாய்ப்பு அதிகம். கசியும் காற்றோடு பெட்ரோல் வருவதில்லை. அதனால் கலவை மெலிகிறது. கசிவு பெரிதானால் வேகம் கூடுவதற்குப் பதில் எஞ்சின் நின்றே போகலாம்.

• ஆக்சிலரேட்டரை விட்டதும் வேகம் உடனே இறங்காமல் மெல்ல மெல்ல இறங்கினால், டிஸ்ட்ரிபியூட்டரின் எடைக்கட்டி ஸ்பிரிங்குகள், டேஷ்பாட், இறுக்கமான கேபிள் ஆகியவற்றைப் பார்க்க வேண்டும்.

• ஏர்கண்டிஷனரைப் போட்டால் மட்டும் வேகம் கூடினால், அதற்கென உள்ள சோலினாய்டின் அமைப்பைப் பார்க்க வேண்டும். கம்ப்ரசரின் சுமையை ஈடுகட்ட அது சற்று வேகத்தை ஏற்றுவது இயல்பே.

முன்னெச்சரிக்கை

எஞ்சின் ஓடும்போது பானெட்டைத் திறந்து செய்யும் வேலை என்பதால், கண்டறிதலில் சில விதிகளை மீறவே கூடாது. கைப்பிரேக் போட்டு, சக்கரங்களுக்கு முட்டுக்கட்டை வைக்க வேண்டும். மூடிய கொட்டகைக்குள் எஞ்சினை ஓட்டக் கூடாது. புகையில் உள்ள கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. விசிறி, பெல்ட் அருகே தொங்கும் துணியோ அவிழ்ந்த தலைமுடியோ இருக்கக் கூடாது. தீயணைப்பான் கைக்கெட்டும் இடத்தில் இருக்க வேண்டும். டிரைவ் நிலையில் வேகம் பார்க்க வேண்டுமானால், ஒருவர் ஓட்டுநர் இருக்கையில் அமர்ந்து பிரேக்கை மிதித்திருக்க வேண்டும். வண்டிக்கு முன்னால் எவரும் நிற்கக் கூடாது.

கண்டறியும் வரிசை

1. அளந்து உறுதிசெய்தல்

காதால் கேட்டு வேகத்தை முடிவு செய்யக் கூடாது. எஞ்சினை இயல்பான வெப்பத்திற்குக் கொண்டுவந்து, ஏர்கண்டிஷனரை நிறுத்தி, வேகமானியால் அளக்க வேண்டும். வில்லையில் உள்ள எண்ணோடு ஒப்பிட்ட பின்பே கூடுதலா இல்லையா என்று கூற முடியும்.

2. சோக்கும் படிக் கேமும்

எஞ்சினை நிறுத்தி, ஏர் கிளீனரைக் கழற்றினால், கார்புரேட்டரின் மேல்வாயில் சோக் தட்டு தெரியும். குளிர்ந்த எஞ்சினில் அது மூடியிருக்க வேண்டும். சூடான எஞ்சினில் செங்குத்தாக நின்று வாயை முழுதும் திறந்துவிட வேண்டும். சோக் மூடும்போது, அதனுடன் இணைந்த படிபடியான கேம் ஒன்று சுழன்று, திராட்டில் நெம்புகோலின் கீழ் வந்து நிற்கும். அதனால்தான் குளிர்ந்த எஞ்சின் வேகமாக ஓடுகிறது. சோக் திறக்காவிட்டால் இந்தக் கேமும் விலகாது, வேகமும் இறங்காது.

சோக் திறக்காததற்கான காரணம் அதன் வகையைப் பொறுத்தது. மின் சோக்கில், எஞ்சின் ஓடும்போது கம்பியில் மின்சாரம் வருகிறதா என்று பார்க்க வேண்டும். ஃபோர்டு வண்டிகள் பலவற்றில் இக்கம்பி ஆல்டர்னேட்டரின் ஸ்டேட்டர் முனையிலிருந்து வருவதால் சுமார் 7 வோல்ட் மட்டுமே காட்டும். அதைப் பழுது எனக் கருதக் கூடாது. வெப்பக்காற்று சோக்கில், எக்ஸாஸ்ட் வெப்பத்தைக் கொண்டுவரும் மெல்லிய குழாய் துருப்பிடித்து ஓட்டையாகியிருக்கலாம். பழைய செவ்ரோலெட்டுகளில் இரட்டை உலோகச் சுருள் மேனிபோல்டின் குழியில் தனியாக அமர்ந்து, ஒரு கம்பியால் கார்புரேட்டருடன் இணைந்திருக்கும்; அக்கம்பி வளைந்தாலோ சிக்கினாலோ சோக் பாதியில் நின்றுவிடும். கேமும் இணைப்புகளும் பிசின் படிந்து ஒட்டிக்கொள்வதும் மிகச் சாதாரணம். அதைத் துப்புரவு செய்தாலே போதும்.

3. நெம்புகோல் எதன்மீது சாய்ந்திருக்கிறது

சோக் சரியாக இருந்தால், அடுத்துப் பார்க்க வேண்டியது ஒன்றே: திராட்டில் நெம்புகோல் வேகத் திருகின்மீது அமர்ந்திருக்கிறதா? திருகுக்கும் நெம்புகோலுக்கும் இடையே வெளிச்சம் தெரிந்தால், வேறு ஏதோ ஒன்று தட்டைத் திறந்து பிடித்திருக்கிறது. அந்த நிலையில் திருகைத் திருப்புவதால் எந்தப் பயனும் இல்லை.

அந்த வேறு ஏதோ, பெரும்பாலும் ஆக்சிலரேட்டர் கேபிள். அதைக் கார்புரேட்டர் முனையில் கழற்றிப் பார்த்தால் தெரிந்துவிடும். மிதிக்குக் கீழே மடிந்து கிடக்கும் தரைவிரிப்பு, தளர்ந்துபோன இழுப்பு ஸ்பிரிங், இடம்மாறிய ஏர் கிளீனர் ஆகியவையும் நெம்புகோலைத் தடுக்கும். பழைய எஞ்சின் மவுண்ட் கிழிந்து எஞ்சின் சாய்ந்தாலும் கேபிள் இழுபடும்.

தானியங்கி கியர் கொண்ட சில செவ்ரோலெட் வண்டிகளில் 700ஆர்4 வகைக் கியர்பெட்டி உண்டு. அதற்குச் செல்லும் கேபிளும் இதே நெம்புகோலில் இணைந்திருக்கும். அது கியர்பெட்டியின் உள் எண்ணெய் அழுத்தத்தைத் தீர்மானிக்கும் கேபிள். வண்டி நிற்கும்போது சோதனைக்காகத் தளர்த்தலாம். தளர்த்திய நிலையில் வண்டியை ஓட்டினால் கியர்பெட்டியின் கிளட்ச் தட்டுகள் குறுகிய தூரத்திலேயே கருகிவிடும்.

நான்கு வாய் கொண்ட கார்புரேட்டர்களில் பின்வாய்த் தட்டுகளையும் பார்க்க வேண்டும். 1965இல் அறிமுகமான ரோசெஸ்டர் குவாட்ராஜெட்டில் பின்வாய்கள் முன்வாய்களைவிட மிகப் பெரியவை. முன்வாய் சுமார் 35 மி.மீ., பின்வாய் சுமார் 57 மி.மீ. விட்டம் கொண்டவை. பின்தட்டு ஒரு மயிரிழை திறந்து நின்றாலும் வேகம் கணிசமாக ஏறும்.

4. சோலினாய்டும் டேஷ்பாட்டும்

1970களின் வண்டிகள் பலவற்றில் வேகத் திருகுக்குப் பதில், அல்லது அதனுடன் சேர்த்து, ஒரு சிறு மின் சோலினாய்டு இருக்கும். சாவியைப் போட்டதும் அது நீண்டு நெம்புகோலை ஐடிலிங் நிலையில் தாங்கும். சாவியை எடுத்ததும் சுருங்கித் தட்டை முழுதாக மூடிவிடும். சாவியை எடுத்த பின்னும் எஞ்சின் உதறிக்கொண்டு ஓடுவதைத் தடுப்பதே இதன் நோக்கம். சிலிண்டருக்குள் சிவக்கக் காய்ந்த கரித்துகள் தீப்பொறியின்றியே கலவையைப் பற்றவைப்பதால் அவ்வாறு ஓடுகிறது. வேகம் உயர்ந்து, தட்டு அதிகம் திறந்திருக்கும் எஞ்சினில் இது எளிதில் நிகழும். சோலினாய்டின் முனை அதிகம் வெளியே திருகப்பட்டிருந்தால் வேகம் கூடும்.

டேஷ்பாட் என்பது ஆக்சிலரேட்டரை விட்டதும் தட்டு பட்டென்று மூடாமல் மெல்ல மூடச் செய்யும் சிறு காற்றுத்தாங்கி. அது சிக்கிக்கொண்டால் தட்டு முழுதாக மூடாது.

5. பிரித்தறியும் சோதனை

நெம்புகோல் திருகின்மீது சரியாக அமர்ந்திருந்தால், இனி ஒரு தீர்மானமான சோதனை செய்யலாம். எஞ்சின் சூடாக ஓடும்போது வேகத் திருகை வெளிநோக்கித் திருப்ப வேண்டும். எத்தனை சுற்று என்பதை எண்ணிக் குறித்துக்கொள்வது கட்டாயம்; இல்லாவிடில் பழைய நிலைக்குத் திரும்ப முடியாது.

தட்டு மூட மூட வேகம் இறங்கி, இறுதியில் எஞ்சின் நின்றுவிட்டால், காற்று வாசல் வழியாகவே வந்தது என்று பொருள். அப்போது திருகு தவறாக வைக்கப்பட்டிருக்கலாம். அல்லது டைமிங் முந்தியிருக்கலாம். தட்டு முழுதாக மூடிய பின்னும் எஞ்சின் வேகமாகவே ஓடினால், காற்று வேறு எங்கிருந்தோ வருகிறது. சில கார்புரேட்டர்களில் தட்டைச் சுற்றிச் செல்லும் காற்றுவழி ஒன்று உற்பத்தியிலேயே உண்டு. அவற்றில் எஞ்சின் மெதுவாகத் தாக்குப்பிடிப்பது இயல்பு. வேகமாக ஓடுவது இயல்பன்று.

6. வெற்றிடக் கசிவைத் தேடுதல்

வெற்றிடமானியை மேனிபோல்டில் இணைத்துப் பார்த்தால், முள் அசையாமல் வழக்கத்தைவிடத் தாழ்ந்து நிற்பது கசிவின் அடையாளமாக இருக்கலாம். தேடுவதற்கு எளிய வழி, ரப்பர் ஹோஸ்களை ஒவ்வொன்றாக விரலாலோ இடுக்கியாலோ அழுத்தி மூடுவது. எதை மூடும்போது வேகம் மாறுகிறதோ, அந்த வழியில் கசிவு இருக்கிறது.

முதலில் பார்க்க வேண்டியது பிரேக் பூஸ்டருக்குச் செல்லும் தடித்த ஹோஸ். பூஸ்டர் இதே வெற்றிடத்தால் இயங்குகிறது. அதன் உள்சவ்வு கிழிந்தால் ஐடிலிங் கெடுவதோடு, பிரேக் மிதியும் கல்லாக இறுகிவிடும். இதைச் சோதிக்க, எஞ்சினை நிறுத்தி மிதியைப் பலமுறை மிதித்து, பின் மிதித்தபடியே எஞ்சினைக் கிளப்ப வேண்டும். மிதி சற்றுக் கீழே இறங்கினால் பூஸ்டருக்கு வெற்றிடம் கிடைத்து அது வேலை செய்கிறது. இறங்காவிட்டாலோ, மிதிக்கருகே உஸ் என்ற ஒலி கேட்டாலோ, வண்டியைச் சாலையில் எடுக்கக் கூடாது.

அடுத்தது பிசிவி வால்வு. எஞ்சினின் அடித்தொட்டியில் சேரும் ஆவியை மேனிபோல்டுக்கு இழுத்துக்கொள்ளும் ஒருவழி வால்வு இது. கழற்றிக் குலுக்கினால் கலகல என்று ஒலிக்க வேண்டும். வேறு எஞ்சினுக்குரிய வால்வைப் பொருத்தியிருந்தாலும் காற்றின் அளவு மாறிவிடும். பயன்படாத குழாய்முனைகளை மூடும் சிறு ரப்பர் மூடிகள் வெப்பத்தில் வெடித்திருப்பதும் அடிக்கடி காணப்படும்.

ஹோஸ்கள் நன்றாக இருந்தால், கார்புரேட்டரின் அடி கேஸ்கட்டையும் மேனிபோல்டு கேஸ்கட்டையும் சோதிக்க வேண்டும். தண்ணீரை நுண்துளியாகத் தெளித்துப் பார்ப்பது பாதுகாப்பான வழி. கசிவுள்ள இடத்தில் எஞ்சினின் ஒலி மாறும். கார்புரேட்டர் கிளீனர் ஸ்பிரே எளிதில் தீப்பற்றும். சூடான எக்ஸாஸ்ட்டின்மீதோ, தீப்பொறி கசியும் பிளக் வயரின்மீதோ பட்டால் எஞ்சின் அறை முழுதும் எரிந்துவிடலாம்.

அடி போல்ட்டுகள் தளர்ந்திருந்தால் அளவோடு இறுக்க வேண்டும். கசிவை நிறுத்த வேண்டும் என்று பலங்கொண்ட மட்டும் இறுக்கினால் கார்புரேட்டரின் உடல் வளைந்து, கசிவு நிரந்தரமாகிவிடும். குவாட்ராஜெட்டுகள் பல இவ்வாறு கெட்டுள்ளன.

வி8 எஞ்சினில் மேனிபோல்டு கேஸ்கட் அடிப்பக்கமாகக் கசிந்தால் வெளியிலிருந்து எதைத் தெளித்தாலும் தெரியாது. அப்போது எஞ்சின் உள்ளிருந்து எண்ணெய் ஆவியை இழுக்கும்; நீலப்புகையும் எண்ணெய்ச் செலவும் துணை அறிகுறிகள். பிசிவி வால்வையும் காற்றோட்டக் குழாயையும் அடைத்துவிட்டு, எண்ணெய் ஊற்றும் வாயில் ஒரு தாளை வைத்தால், இயல்பான எஞ்சினில் தாள் மெல்ல மேலெழும். தாள் உள்நோக்கி ஒட்டிக்கொண்டால் அடிக்கசிவு இருக்கிறது.

இறுதியாக, திராட்டில் தண்டு. பல்லாண்டுத் தேய்மானத்தால் அதன் துளை அகன்றுவிடும். தண்டை மேலும் கீழும் ஆட்டினால் ஆட்டம் தெரியும். இத்தேய்மானத்தைத் திருகால் சரிசெய்ய முடியாது. புதிய புஷ் பொருத்த வேண்டும்.

7. இக்னிஷன் டைமிங்

கசிவும் இல்லையெனில், டைமிங் லைட் கொண்டு தீப்பொறி விழும் நேரத்தைப் பார்க்க வேண்டும். பொதுவாக டிஸ்ட்ரிபியூட்டரின் வெற்றிட ஹோஸைக் கழற்றி, அதன் முனையை அடைத்துவிட்டு அளக்கிறார்கள். சரியான முறையும் பாகை அளவும் வில்லையில் இருக்கும். யாரேனும் டிஸ்ட்ரிபியூட்டரைத் திருப்பி டைமிங்கை முந்த வைத்திருந்தால் வேகம் ஏறியிருக்கும்.

வெற்றிட ஹோஸ் எங்கிருந்து வருகிறது என்பதும் முக்கியம். தட்டுக்கு மேலுள்ள துளையில் இணைத்தால் ஐடிலிங்கில் வெற்றிடம் இராது. மேனிபோல்டில் நேரடியாக இணைத்தால் ஐடிலிங்கிலேயே டைமிங் முந்தும், வேகமும் ஏறும். இரண்டு அமைப்புகளும் உற்பத்தியில் உண்டு. எனவே படத்தைப் பார்த்து இணைக்க வேண்டும். ஊகித்து இணைக்கக் கூடாது.

டிஸ்ட்ரிபியூட்டருக்குள் உள்ள எடைக்கட்டிகள், வேகம் கூடும்போது விரிந்து டைமிங்கை முந்தச் செய்பவை. அவற்றின் ஸ்பிரிங் தளர்ந்தால் ஐடிலிங் வேகத்திலேயே விரியத் தொடங்கும். அப்போது வேகம் டைமிங்கை முந்தவைக்க, முந்திய டைமிங் வேகத்தை ஏற்ற, இரண்டும் ஒன்றையொன்று தூக்கிவிடும். ஐடிலிங் ஒருமுறை 700, மறுமுறை 1,000 என்று நிலையில்லாமல் இருப்பதற்கு இது ஒரு காரணம்.

8. இறுதிச் சீரமைப்பு

காரணத்தை நீக்கிய பிறகே திருகுகளின் முறை வருகிறது. கலவைத் திருகை மெல்ல உள்ளே திருப்பி, அமர்ந்ததும் நிறுத்த வேண்டும். அழுத்தினால் ஊசிமுனையில் வடு விழும். பின் சுமார் ஒன்றரைச் சுற்று வெளியே எடுத்து எஞ்சினைக் கிளப்பி, வெற்றிடமானி மிக உயர்ந்த, அசையாத அளவைக் காட்டும் வரை சிறிது சிறிதாகத் திருப்ப வேண்டும். இரண்டு கலவைத் திருகுகள் இருந்தால் இரண்டையும் சம அளவில் திருப்ப வேண்டும். அதன்பின் வேகத் திருகால் வில்லையில் உள்ள எண்ணுக்குக் கொண்டுவர வேண்டும். ஒன்று மாறினால் மற்றது மாறும் என்பதால், இதை இரண்டு மூன்று முறை திரும்பச் செய்ய நேரும்.

1980களின் கார்புரேட்டர்களில் கலவைத் திருகு உலோக மூடியால் அடைக்கப்பட்டிருக்கும்; சிலவற்றில் கணினிக் கட்டுப்பாடும் உண்டு. அவற்றுக்கான முறை வேறு. அவ்வண்டிகளை உரிய கையேட்டின்படியே கையாள வேண்டும்.

திருகை மட்டும் திருப்பினால் நேர்வது

ஒரு பிக்கப் வண்டி சூடான பின்னும் 1,200 ஆர்பிஎம்மில் ஓடுகிறது. காரணம், பூஸ்டர் ஹோஸில் ஒரு விரிசல் எனக் கொள்ளலாம். உரிமையாளர் திருகைத் திருப்பி 700க்குக் கொண்டுவருகிறார். வேகம் சரி. ஆனால் காற்றில் கணிசமான பங்கு இப்போது விரிசல் வழியே, பெட்ரோல் இல்லாமல் வருகிறது. கசிவுக்கு அருகில் உள்ள சிலிண்டர்களின் கலவை மெலிகிறது. மெலிந்த கலவை சீராக எரியாமல் தவறி எரிகிறது. காலப்போக்கில் எக்ஸாஸ்ட் வால்வுகள் கூடுதல் வெப்பத்திற்கு ஆளாகின்றன. காலையில் குளிர்ந்த எஞ்சின் நிற்காமல் ஓட மறுக்கிறது. விரிசல் நாள்தோறும் வளர்கிறது. இறக்கத்தில் ஒருநாள் பிரேக்கை மிதிக்கும்போது பூஸ்டர் கைகொடுக்காமல் போகிறது. சில நூறு ரூபாய் மதிப்புள்ள ஒரு ரப்பர் குழாய் முதல் நாளே தன் பழுதை வேகத்தின் வழியாகச் சொல்லியிருந்தது. திருகைத் திருப்பியதால் அச்செய்தி மறைக்கப்பட்டது.

உயர் ஐடிலிங்கைச் சரிசெய்யாமல் விடுவதும் ஆபத்தே. தானியங்கி கியர் கொண்ட வண்டியில் 1,200 ஆர்பிஎம்மில் டிரைவ் நிலைக்கு மாற்றினால் வண்டி எகிறிக் குதிக்கும். சிக்னலில் நிற்கும்போது பிரேக்கை மீறி முன்னே தள்ளும். பெட்ரோல் வீணாகும், பிரேக் கட்டைகள் விரைவில் தேயும்.

பராமரிப்பு

கார்புரேட்டர் எஞ்சின்களில் இக்குறைபாடு வராமல் தடுக்க, ஆண்டுக்கு ஒருமுறை எல்லா ரப்பர் ஹோஸ்களையும் மூடிகளையும் விரலால் வளைத்துப் பார்ப்பது நல்லது; வளைக்கும்போது வெடிப்புத் தெரிந்தால் மாற்ற வேண்டும். சோக் இணைப்புகளையும் திராட்டில் தண்டையும் துப்புரவாக வைத்திருக்க வேண்டும். பிசிவி வால்வை உரிய காலத்தில் மாற்ற வேண்டும். எந்தத் திருகைத் தொட்டாலும், தொடும் முன் அது எத்தனை சுற்றில் இருந்தது என்பதைக் குறித்துவைப்பது, அடுத்து அந்த வண்டியில் கைவைப்பவருக்கும் உதவும்.